கைக்குட்டையில் நாலு முடிச்சு

லாண்டரி அக்காவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு சட்டையை எடுத்துக் காலரை ஒரு தடவை முகர்ந்தால் போதும், அது யாருடையது, நேற்று எங்கே போனது, எதற்குப் போனது என்று கடகடவென்று சொல்லிவிடுவாள். வேலை செய்து வந்த வேர்வை ஒரு வாடை, பயந்து வந்த வேர்வை வேறு வாடை என்பாள். "வேர்வையில என்னக்கா ரெண்டு ரகம்?" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் சிரித்தார். அக்கா அவர் துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்தாள். முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு ரத்தம், கூடவே ஸ்பிரிட் வாடை. "டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்கீங்க. வீட்டுல சொல்லல. அப்படித்தானே?" என்று கேட்டாள். மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போனது. அன்றிலிருந்து சட்டையைக் கொடுக்கும்போதெல்லாம் அவரே ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு பிழியும் டிரம், ஜன்னலோரம் இஸ்திரி மேஜை. அந்த மேஜை அவள் புருஷனுடைய ராஜ்ஜியம். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் குறும்பாகத்தான் பேசுவார். துணி தண்ணீருக்குள் போகும்வரை அக்கா பொறுப்பு, வெளியே வந்த பிறகு அவர் பொறுப்பு. அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. பாக்கெட்டைத் திருப்பாமல், பட்டனைக் கழற்றாமல், முடிச்சை அவிழ்க்காமல் எதுவும் தண்ணீரில் இறங்கக் கூடாது. முடிச்சுக்குள் அழுக்கு நின்றுவிடும், மெஷின் சுற்றும்போது அடுத்த துணியைப் பிடித்துக்கொண்டு கிழிக்கும். பைஜாமா நாடாவோ, பை வாரோ, எதில் முடிச்சைக் கண்டாலும் அவள் விரல் தானாக அங்கே போய்விடும். டீ குடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் அவிழ்த்துவிடுவாள்.

ஒரே மகள். சின்ன வயதில் ஈரத்துணிக் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, மெஷினைக் காட்டி, "என்னையும் சுத்த விடும்மா" என்று அடம்பிடித்தவள். அதனால் வாலு என்று பெயர் வந்தது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பெயர் நின்றுவிட்டது, வால்தனம்தான் எங்கேயோ போய்விட்டது. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாய்க்குப் போவதில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புகிறாள்.

அது பருவம் தப்பி விடாமல் மழை பெய்த சமயம். மொட்டைமாடிக் கயிறெல்லாம் சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. துணி காயாமல் முன்னறை முழுக்கத் தொங்கியது. வாடிக்கையாளர்கள் ஈரச் சட்டைகளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஒரு நாளில் காய வேண்டியது மூன்று நாள் காய்ந்தது. அப்படி ஒருநாள்தான் அக்கா மகளின் சீருடையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். சட்டைக் கைப் பட்டியை நூல் நூலாகக் கடித்து வைத்திருந்தாள். கக்கத்தில் உப்புக் கோடு.

"இந்தக் குளிர்ல என்ன வேர்வை இது?" என்றாள் புருஷனிடம்.

"ஓடியாடியிருப்பா."

"இது ஓடுன வேர்வை இல்லைங்க. பயந்த வேர்வை. எதையோ பண்ணிட்டு பயந்துக்கிட்டு இருக்கா."

"பண்ணிட்டுத்தான் பயப்படணுமா? பண்ணாமயும் பயப்படலாமே. நான் உனக்கு பயப்படலையா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் மழுப்புவாள். சட்டை மழுப்பாது என்பது அவள் கொள்கை.

ஜெராக்ஸ்காரர்தான் அடுத்த துப்பைக் கொண்டுவந்தார்.

"அக்கா, உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல மனசுக்குப் பாடம் எடுக்கறாங்களாமே? பேப்பரெல்லாம் நம்மகிட்டதான் காப்பி போட்டாங்க."

"மனசுக்கா? என்ன போட்டிருந்துச்சு?"

"படம்தான். ஒரு பொண்ணு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? வீட்டுல இருந்தே தூங்கலாமே."

"பரீட்சைன்னா பசங்க நடுங்குதுங்களாம். மயங்கி விழறதாம், வாந்தி எடுக்கறதாம். அதுக்குன்னு ஒரு டீச்சரப் போட்டிருக்காங்க. பசங்க மனசு டீச்சர்னுதான் கூப்பிடுதுங்க. நம்ம தெரு முனையிலதான் குடியிருக்காங்க. உங்ககிட்டகூட துணி போடுவாங்களே."

அக்காவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வெளிர் நிறச் சுடிதார்களாகப் போட்டுவிட்டுப் போகும் ஒல்லியான பெண்.

அன்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"மனசு டீச்சர் என்னடி சொல்லிக் குடுக்கறாங்க?"

"சும்மா. மூச்சு விடறது."

"இத்தனை வருஷமா விடாமலா இருந்த?"

அப்பா புரையேறச் சிரித்தார். வாலு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன?"

"பயம் வந்தா என்ன பண்றதுனு."

"உனக்கென்னடி பயம்? வேளாவேளைக்குச் சோறு, வெளுத்த துணி, ஒரு சொல்லு சொல்றமா நாங்க?"

"அங்க பேசறத வெளிய சொல்லக் கூடாதும்மா. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

போதாதா?  வெளியே சொல்லக் கூடாத பேச்சு என்ன பேச்சு? பெற்றவளுக்குச் சொல்லக் கூடாததைச் சம்பளத்துக்கு வந்தவளிடம் சொல்வதா? கடையில் அம்மா இப்படி, அப்பா அப்படி என்று ஊரைக் கூட்டி ஒப்பிக்கிறாளோ? நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

கைக்குட்டை கிடைத்தது அந்த வாரம்தான். மகளின் சட்டைப் பாக்கெட்டைத் திருப்பியபோது உருண்டையாக விழுந்தது. நாலு மூலையிலும் நாலு முடிச்சு. ஒவ்வொன்றும் பல்லால் கடித்து இழுத்த மாதிரி இறுக்கம்.

"என்னங்க இது?"

"வெயிலுக்குத் தலையில போட்டிருப்பா."

"வெயிலா? சூரியனப் பாத்து எத்தனை நாளாச்சு! இது எவனோ குடுத்த அடையாளம்."

"முடிச்சுப் போட்ட கைக்குட்டையக் குடுத்தா காதல் பண்ணுவாங்க? எங்க காலத்துல பூ குடுத்தோம்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். அக்கா நாலு முடிச்சையும் அவிழ்த்து, துவைத்து, மற்றத் துணியோடு அடுக்கினாள். மறுநாள் வாலு வந்து நின்றாள்.

"அம்மா, என் கைக்குட்டைய யாரு அவுத்தது?"

"நான்தான். முடிச்சோட யாராவது துவைப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் மகளின் முகத்தைப் பார்த்தாள். "எதுக்குடி அது?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லாததற்கு அந்த முகம் ஏன் அப்படிச் சுருங்க வேண்டும்? அடுத்த வாரமும் முடிச்சு. அக்கா அவிழ்த்தாள். அதற்கடுத்த வாரமும். பிறகு கைக்குட்டையே துணியில் வரவில்லை. வராதது வந்ததைவிட மோசமாக இருந்தது. எங்கே ஒளிக்கிறாள்? அக்கா புத்தகப் பையைத் துழாவினாள், மெத்தையைத் தூக்கினாள். கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொரு கைக்குட்டை. மனசு டீச்சரின் துணி மூட்டையைப் பிரித்தபோது, சுடிதார்ப் பாக்கெட்டில். ஒரே ஒரு முடிச்சு, ஆனால் அதே மாதிரி மூலை முடிச்சு.  சுடிதாரை எடுத்து முகர்ந்தாள். கக்கமெல்லாம் பயந்த வேர்வை.

"ஏங்க, இங்க பாருங்க. ஒரே கூட்டம்!"

"என்ன கூட்டம்?"

"டீச்சர்கிட்டயும் முடிச்சு, இவகிட்டயும் முடிச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு முடிவு. பிள்ளைங்கள வசியம் பண்ணி எங்கயோ சேத்துவிடறாங்க. அந்தம்மாவே நடுங்கிக்கிட்டு இருக்கு, பாருங்க இந்த வேர்வைய! மேல வேற எவனோ இருக்கான்."

"நேரா போய் டீச்சர்கிட்டயே கேளேன்."

"திருடன்கிட்டப் போய்த் திருடுனியான்னா கேப்பாங்க?"

தேர்வு வந்தது. முதல் பரீட்சை கணக்கு. அதிகாலையில் அக்கா எழுந்து, ஈரம் போகாத சீருடையை இஸ்திரி போட எடுத்தாள். புருஷன் இன்னும் எழுந்திருக்கவில்லை. பேண்ட்டின் இடுப்புப் பட்டியில் பெட்டியை வைத்து அழுத்தியபோது ஏதோ தடித்தது. உள்பக்கம் திருப்பினாள். நூல் கோணல்மாணலாக ஓட, கையால் தைத்த ஒரு குட்டிப் பை. அதற்குள் கைக்குட்டை. நாலு முடிச்சு.

கள்ளப் பை! தன் வீட்டுத் துணியில், தன் மூக்குக்குக் கீழேயே! அக்காவுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. மகளை எழுப்பி, என்னடி இது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஒரு கதை சொல்வாள். இவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்போம் என்று ஒரு போலீஸ் புத்தி வந்தது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சூடான பெட்டியை வைத்துத் தகடு மாதிரித் தேய்த்து, நாலாக மடித்து, அதே பைக்குள் திருப்பி வைத்தாள். தட்டையாகப் பதிந்துபோய், இருப்பதே தெரியவில்லை. வாலு அவசர அவசரமாகப் போட்டுக்கொண்டு, பாதி ரொட்டியைக் கடித்துவிட்டு, குடையோடு கிளம்பிப் போனாள்.

பத்தரை மணிவாக்கில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு பேப்பர் எழுதாம ஹால்ல இருந்து எழுந்து வந்துட்டா. வந்து கூட்டிட்டுப் போங்க."

அக்கா சோப்பு நுரைக் கையோடு ஓடினாள். கொட்டும் மழையில் குடை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. வழியெல்லாம் மனசு டீச்சரைத் திட்டிக்கொண்டே போனாள். மனசுக்குப் பாடம் எடுத்தாளாம் மனசுக்கு! பன்னிரண்டு வருஷப் படிப்பு ஒரு மழைக் காலையில் தண்ணீரில் போயிற்றே!

டீச்சரின் அறை ஒரு காலத்தில் விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்த அறை. மூலையில் இன்னும் காற்று போன பந்துகள் கிடந்தன. மேஜைக்கு ஒரு பக்கம் டீச்சர். எதிரே வாலு, முழங்காலைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தாள். அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என் பொண்ண என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"உக்காருங்கம்மா. நனைஞ்சிருக்கீங்க."

"உக்கார வரல. அந்த முடிச்சு என்ன முடிச்சு? நீங்களும் ஒண்ணு வச்சிருக்கீங்க. பொய் சொல்லாதீங்க, உங்க துணி எங்கிட்டதான் வருது."

டீச்சர் எழுந்து நின்றாள். மறைக்கவில்லை, தடுமாறவும் இல்லை.

"வச்சிருக்கேன். பசங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். எதை நெனச்சா பயமா இருக்கோ, மனசுக்குள்ள அதோட பேரைச் சொல்லி ஒரு முடிச்சுப் போடணும். நெஞ்சு படபடன்னு வர்றப்ப முடிச்சு மேல விரல வச்சுக்கிட்டு மெதுவா மூச்ச விடணும். அந்த பயம் கொஞ்சம் இறங்கிடுச்சுன்னா அவங்களே அவுத்துக்கணும். வேற யாரும் அவுக்கக் கூடாது. அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்க எதுக்கு பயப்படறீங்க? உங்க துணியெல்லாம் பயந்த வேர்வை. பயந்துக்கிட்டு இருக்கறவங்க எப்படிப் பிள்ளைங்களுக்கு தைரியம் சொல்வீங்க?"

டீச்சரின் காது சிவந்தது. "ஆமாம்மா. ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாடியும் எனக்கு பயம் வரும். பசங்ககிட்டயும் அதை மறைக்கல."

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. மறைப்பாள், உளறுவாள், பிடித்துவிடலாம் என்று வந்தவள். ஒப்புக்கொண்டவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

"அதுக்காகவாடி எழுந்து வந்த? முடிச்சு இல்லைன்னா? அங்கயே மறுபடி போட்டுக்க வேண்டியதுதானே? ஒரு நிமிஷ வேலை!"

வாலு முதல் தடவையாக நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"முடிச்சு இல்லாததால இல்லம்மா. மடிச்சு வச்சிருந்தியே. இஸ்திரி போட்டு, நாலா மடிச்சு. கேள்வித்தாள வாங்கிட்டு உள்ள கைய விட்டா, நீ மடிச்ச மாதிரியே இருக்கு. நீ அங்கயும் வந்துட்டேனு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எனக்கு ஒரு எழுத்தும் தெரியல."

"நான் உன் நல்லதுக்குத்தானேடி..."

"எட்டாவதுல இருந்து என் சட்டைய முகர்ந்து பாக்கற. பஸ்ல யாரு பக்கத்துல உக்காந்தா, கேன்டீன்ல என்ன தின்னேன், எல்லாத்தையும் சட்டையிலயே கண்டுபிடிச்சு அப்பாகிட்ட சொல்ற. எனக்கு வேர்த்தா நீ பாத்துருவேன்னு பயம். பயந்தா இன்னும் வேர்க்குது. கைய இப்படி ஒட்ட வச்சுக்கிட்டேதாம்மா நாள் பூரா உக்காந்திருக்கேன்."

அவள் கைகளை விலாவோடு ஒட்டிக் காட்டினாள். வெளியே மழை தகரத்தில் அடித்தது. 

"அந்த நாலுல நான் எதுடி?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"நாலும் நீ இல்லம்மா. ஒண்ணுதான்."

 டீச்சர் புத்தி சொல்லியிருந்தால் அக்கா சண்டைக்குப் போயிருப்பாள், அதுவாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீச்சர் ஒரு துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே, "இப்ப என்ன பண்றது? வருஷம் போச்சா?" என்றாள்.

"கணக்கை மறுதேர்வுல எழுதிக்கலாம். வியாழக்கிழமை அடுத்த பேப்பர். அதுல போய் உக்காந்துட்டா வருஷம் போகாது. ஆனா அவ உள்ள போகணும்."

"போவியாடி?"

வாலு காலைக் கீழே ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போறேன். ஆனா இனிமே என் துணிய நானே துவைச்சுக்கறேன்."

அக்காவை யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊர்த் துணியெல்லாம் அவள் கையில் வெளுக்கிறது, பெற்ற மகளின் துணி அவள் கையில் படக் கூடாது! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி" என்றாள்.

சொன்னபடியே வாலு புதன்கிழமை சாயங்காலம் பக்கெட்டோடு குளியலறைக்குள் போனாள். அக்கா வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டாள். சோப்பு அதிகம் போடுகிறாள். அலசுவது பத்தாது. காலரைத் தேய்க்கும் சத்தமே இல்லை.

"ரெண்டு தண்ணிக்கு மேல அலசலைங்க அவ."

"இங்க வா. இந்தப் போர்வைய ஒரு முனை பிடி," என்றார் புருஷன்.

"வெள்ளையில சோப்பு நின்னா மஞ்சளாயிடும்."

"ஆகட்டும். பிடி."

இஸ்திரியும் வாலுவேதான் போட்டாள். அப்பா மேஜையை விட்டுக்கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். பார்க்கத் தாங்கவில்லை அவருக்கும். சட்டைக் கையில் இரட்டைக் கோடு விழுந்தது, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. வியாழக்கிழமை காலை அந்தக் கோலத்தில்தான் வாலு தெருவில் இறங்கினாள். முதுகில் வெள்ளையாக ஒரு சோப்புத் திட்டு வேறு. ஜெராக்ஸ்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கேட்டார்:

"என்னக்கா இது, லாண்டரி வீட்டுப் பொண்ணு இப்படிப் போகுது?"

அக்காவுக்கு மானம் போனது. "அவ துணி. அவளைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன் மணி அடித்தபோதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே போயிருப்பாளா? போகாமல் எங்கேயாவது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டு, எழுதினேன் என்று வந்து சொல்வாளா? டீச்சரும் சேர்ந்து மறைப்பாளா? ஒரு வேட்டியை இரண்டு தடவை துவைத்தாள். ஒரு கல்யாணப் பட்டுப் புடவையை வெந்நீரில் போடப் போனாள், புருஷன் பாய்ந்து பிடுங்கினார்.

மதியம் வாலு வந்தாள். அக்காவின் கண் நேராகப் போனது சட்டைக் கைப் பட்டிக்குத்தான். ஈரமா, கடித்திருக்கிறாளா, கக்கத்தில் கோடு இருக்கிறதா? மகள் அதைக் கவனித்துவிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சட்டையப் பாக்காதம்மா. என்னைக் கேளு."

 ஊர்க் கதையெல்லாம் பேசும் அக்காவின் வாய்க்கு இது ஒன்று கேட்கத் தெரியவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரொம்ப."

"அப்புறம்?"

"எழுதுனேன்."

"நிஜமாவா?"

சொல்லிவிட்டாள். பழகிய வாய், அதுவாக வந்துவிட்டது. மகளின் முகம் சுருங்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அக்காவுக்கு உயிரே போனது.

"இல்லடி, இல்ல. தப்பாக் கேட்டுட்டேன். எழுதுனேன்னு சொன்னா எழுதுனதான். சொல்லு, என்ன கேட்டாங்க?"

வாலு அம்மாவையே பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பார்வை. தன்னுடைய பார்வையேதான் அது என்று அக்காவுக்குத் தெரிந்தது. சந்தேகப்பட இவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. பிறகு வாலு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல் கேள்வியே கஷ்டம்மா," என்று ஆரம்பித்தாள். செல், சவ்வு, என்னென்னவோ சொன்னாள். அக்காவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் மூட்டையோடு வந்து இரண்டு தடவை செருமினார்.

"கடையில ஆள் நிக்கறாங்கம்மா," என்றாள் வாலு.

"நிக்கட்டும். நீ சொல்லு."